கோழிக்குஞ்சுத் தீவனத்தில் வளரும் வாத்துக் குஞ்சுகளுக்கு என்ன சேர்த்துக் கொடுக்க வேண்டும்?

கேள்வி:
கொல்லையில் ஏழு வாத்துக் குஞ்சுகளை வளர்த்து வருகிறேன். மூன்று வாரம் ஆகிறது. வாத்துக்கென்று தனித் தீவனம் கிடைக்காததால், தொடக்கம் முதலே கோழிக்குஞ்சுத் தீவனத்தைத்தான் கொடுக்கிறேன். நான்கு நாள்களாக ஒரு குஞ்சு மட்டும் மற்றவற்றோடு ஓடாமல், இரண்டடி வைத்ததும் கால் மூட்டை ஊன்றி உட்கார்ந்துவிடுகிறது. தட்டை அருகில் வைத்தால் உட்கார்ந்தபடியே ஆவலாகத் தின்கிறது. தீவனத்தை மாற்ற வேண்டுமா, ஏதேனும் சேர்த்தால் போதுமா? முட்டையிடும் பெரிய வாத்துகள் இரண்டுக்கும் இதையே வைக்கலாமா?

பதில் 1:
நீங்கள் சொல்லும் அறிகுறி பெரும்பாலும் நயாசின், அதாவது வைட்டமின் பி3 குறைபாட்டையே காட்டுகிறது. கோழி தன் உடலிலேயே டிரிப்டோபேன் என்னும் அமினோ அமிலத்திலிருந்து ஓரளவு நயாசினை உண்டாக்கிக்கொள்ளும். வாத்துக்கு அந்தத் திறன் மிகக் குறைவு என்பதால், ஒரு கிலோ தீவனத்தில் ஏறத்தாழ 55 மில்லிகிராம் நயாசின் அதற்குத் தேவைப்படுகிறது. கோழிக்குஞ்சுக்கு ஏறக்குறைய 30 மில்லிகிராமே போதும். தீவனத்தில் சேரும் மக்காச்சோளத்தில் இருக்கும் நயாசினும் செரிமானத்தில் எளிதில் பிரிந்து வராது.

ஆகவே தீவனத்தை மாற்ற வேண்டியதில்லை. ஒரு கிலோவுக்கு 50 முதல் 75 கிராம் வரை உலர்ந்த ப்ரூவர்ஸ் ஈஸ்ட் (பீர் தயாரிப்பில் பயன்படும் ஈஸ்ட்டின் உயிரற்ற தூள்) கலந்து கொடுங்கள். ரொட்டி புளிக்க வைக்கும் உயிருள்ள ஈஸ்ட் இதற்கு ஆகாது. வெறுமனே தூவினால் தூள் முழுவதும் தட்டின் அடியில் தங்கிவிடும். எனவே தீவனத்தின் மீது சிறிது நீர் தெளித்துப் பிசறி, தூள் ஒட்டிய பின் வையுங்கள். தொடக்கத்திலேயே கவனித்தால் சில நாள்களில் குஞ்சு எழுந்து நடக்கும். எலும்பு வளைந்துவிட்டாலோ தசைநார் விலகிவிட்டாலோ திரும்பச் சீராவது அரிது. எனவே நான்கு நாளாக உட்கார்ந்திருக்கும் அந்தக் குஞ்சை இன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

பதில் 2:
மேலே சொன்னது சரி. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன்: ஈரப்படுத்திய தீவனத்தைச் சில மணி நேரத்துக்கு மேல் தட்டில் விட்டுவைக்காதீர்கள். பூஞ்சணம் உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் நஞ்சை வாத்துக் குஞ்சுகளால் சிறிதும் தாங்க முடியாது. 1960ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பூஞ்சணம் பிடித்த நிலக்கடலைப் புண்ணாக்கைத் தின்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தபோது, வாத்துக் குஞ்சுகளும் மாண்டன. அதற்கான காரணத்தைத் தேடிய ஆய்விலிருந்துதான் இந்த நஞ்சே கண்டறியப்பட்டது. மூட்டையைத் திறந்ததும் ஒரு கைப்பிடி எடுத்து முகர்ந்து பாருங்கள். மக்கிய வாடை வந்தால், கட்டியான பகுதியை மட்டும் ஒதுக்காமல் மூட்டையையே விலக்கிவிடுங்கள்.

அலகோடு நாசித்துளையும் மூழ்கும் அளவுக்கு ஆழமான நீர்ப் பாத்திரம் தீவனத்தின் அருகிலேயே இருக்க வேண்டும். உலர்ந்த மாவுத் தீவனம் தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

பதில் 3:
பெரிய வாத்துகளைப் பற்றி யாரும் சொல்லவில்லை. முட்டையிடும் வாத்துக்கான தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து ஏறத்தாழ 3 சதவீதம் இருக்கும்; வளரும் குஞ்சுக்கு 1 சதவீதத்துக்குக் குறைவாகவே போதும், மிகுந்தால் சிறுநீரகம் கெடும். அதனால் எல்லாவற்றுக்கும் குஞ்சுத் தீவனத்தையே வைத்து, பெரிய வாத்துகளுக்கு மட்டும் எட்டும் உயரத்தில் தனிக் கிண்ணத்தில் கிளிஞ்சல் தூளை வையுங்கள். முட்டையிடும் வாத்து தனக்கு வேண்டியதைத் தானே எடுத்துக்கொள்ளும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. மருத்துவரும் நயாசின் குறைபாடு என்றே உறுதி செய்து, நீரில் கலக்கும் மருந்து கொடுத்தார். ஈஸ்ட்டும் சேர்த்து வருகிறேன். ஐந்தாம் நாளான இன்று காலை, தட்டை நான் வைக்கும் முன்பே அந்தக் குஞ்சு தானாக எழுந்து தள்ளாடியபடி என்னை நோக்கி வந்தது.