சூடானதும் மூன்றாவது சிலிண்டர் மிஸ் ஆகிறது, யாராவது உதவுங்கள்

நண்பர்களே, என்னுடையது 1999 மாடல் ஸ்போர்ட்ஸ் கார், நாலு சிலிண்டர். காலையில் ஸ்டார்ட் செய்தால் அருமையாக ஓடுகிறது. இன்ஜின் சூடானதும் ஐடிலில் குலுங்கல் ஆரம்பம். ஸ்கேனரில் பி0303 என்ற பிழைக் குறியீடு (கோடு), அதாவது மூன்றாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் மிஸ் ஆகிறது.

மூன்றாவது சிலிண்டரின் காயிலை (பிளக்கில் பொறி வர மின்சாரம் தருவது) ஒன்றாவதில் மாட்டிப் பார்த்தேன், கோடு ஒன்றாவதுக்கு மாறவில்லை. பிளக் புதுசு. ஆனால் கழற்றினால் முனை நனைந்து பெட்ரோல் வாடை அடிக்கிறது. அப்படியென்றால் இன்ஜெக்டர் அடைப்பு இல்லைதானே? கசிகிறதோ? கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்) குளிர்ந்த நிலையில் நாலிலும் 170 பிஎஸ்ஐ சுமார். சூட்டில் பார்க்கப் போய் கை சுட்டதுதான் மிச்சம்.

மெக்கானிக் "பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்" என்கிறார். இதெல்லாம் ஒரு பதிலா!

வால்வு இடைவெளி குறைந்து, சூட்டில் முழுசாக மூடாமல் இருக்குமோ என்று ஒரு சந்தேகம். அல்லது காயிலுக்குப் போகும் வயரா? இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டைத் திறப்பதற்கு முன் எதை முதலில் பார்க்கலாம்?