பெரியப்பா வீட்டு ஸ்பீக்கர்: குடும்பக் குழுவில் பேசியது

பெரியப்பா: பாட்டுக் கேட்கும் அறையில் பேஸ் கிட்டாரின் சில சுரங்கள் மட்டும் வீங்கி, அடுத்த சுரம் வந்த பிறகும் காதில் நிற்கின்றன. கடைக்காரர் ஸ்பீக்கரை மாற்றச் சொல்கிறார். மதி, நீ என்ன சொல்கிறாய்?

மதி: பெரியப்பா, இப்போதைக்கு மாற்ற வேண்டாம். சில சுரங்கள் மட்டும் வீங்குகின்றன என்றால், குறை பெரும்பாலும் அறையில்தான் இருக்கும். அறையின் அளவு என்ன, நீங்கள் எங்கே உட்காருகிறீர்கள்?

பெரியப்பா: நீளம் 12 அடி, அகலமும் உயரமும் 10 அடி. சாய்வு நாற்காலி பின்சுவர் மூலையில் இருக்கிறது.

மதி: ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 345 மீட்டர் செல்கிறது. அதை அறை நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் 47 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 47 அதிர்வுகள், வரும். எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே ஒலி திரும்பத் திரும்பப் பட்டு வீங்கும் ஒத்ததிர்வு அந்த அதிர்வெண்ணில்தான் எழும். 10 அடிக்கு 57 ஹெர்ட்ஸ். அகலமும் உயரமும் ஒன்றே என்பதால் அந்த 57-இல் இரண்டு ஒத்ததிர்வுகள் சேர்ந்துகொள்கின்றன. பேஸ் கிட்டாரின் ஏ கம்பியை விரல் வைக்காமல் மீட்டினால் 55 ஹெர்ட்ஸ் என்பதைப் பாருங்கள். சுவரோரத்தில் இந்த ஒத்ததிர்வுகளின் ஒலி அழுத்தம் உச்சத்தில் இருக்கும், மூலையில் கேட்கவே வேண்டாம். நாற்காலியைப் பின்சுவரிலிருந்து 4 அடி முன்னால் இழுத்தாலே 47 ஹெர்ட்ஸ் அழுத்தம் கணக்குப்படி பாதியாகிவிடும்.

அக்கா: கனமான திரைச்சீலை போட்டால் போதாதா?

மதி: அக்கா, சிமென்ட் சுவரிலும் மொசைக் தரையிலும் பட்டுத் திரும்பும் கூர்மையான ஒலிகளை அது ஓரளவு அடக்கும். ஆனால் 50 ஹெர்ட்ஸ் அலையின் நீளமே ஏறத்தாழ 7 மீட்டர். துணி அதற்கு ஒரு தடையே இல்லை.

பெரியப்பா: கைப்பேசியிலேயே அளந்துவிடலாமா?

மதி: பல கைப்பேசிகளின் மைக் பேச்சுக்காகத் தாழ்ந்த ஒலிகளை வடிகட்டிவிடும், நமக்கு வேண்டியதோ அதுதான். என்னிடம் அளவுத்திருத்தக் கோப்புடன், அதாவது மைக்கின் சொந்தப் பிழையைச் சரிசெய்யும் தரவுடன், வந்த யுஎஸ்பி மைக் இருக்கிறது. ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருளை லேப்டாப்பில் ஓட்டி, மைக்கை உங்கள் காது உயரத்தில் நிறுத்தி, 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 வரை ஏறும் ஒலியை முதலில் இடது ஸ்பீக்கரிலும் பிறகு வலதிலும் தனித்தனியாக ஒலிக்கச் செய்வோம். எந்த அதிர்வெண் எவ்வளவு வீங்குகிறது என்பதோடு, அது அடங்க எவ்வளவு நேரமாகிறது என்பதையும் வாட்டர்ஃபால் வரைபடம் காட்டும். காதில் நிற்கிறது என்று நீங்கள் சொன்னீர்களே, அது அதில் நீண்ட வாலாகத் தெரியும். எனக்கு மிகவும் பிடித்த வரைபடம் அது.

பெரியப்பா: பிறகு ஒவ்வொரு அதிர்வெண்ணையும் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரில் மேடு பள்ளங்களைச் சமன் செய்துவிடலாம், அப்படித்தானே?

மதி: மேட்டைக் குறைக்கலாம். பள்ளத்தை நிரப்ப முயலக் கூடாது. நேரடி ஒலியும் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியும் ஒன்றையொன்று அழிப்பதால் உண்டாகும் பள்ளம் அது. ஒலியை ஏற்றினால் அழிக்கும் ஒலியும் கூடவே ஏறும். 10 டெசிபல் கூட்ட ஆம்ப்ளிஃபயர் பத்து மடங்கு திறன் தர வேண்டும், பலனும் இராது. அதற்கு ஸ்பீக்கரையோ நாற்காலியையோ நகர்த்துவதே வழி.

பெரியப்பா: சரி, ஞாயிறு காலை வா. நாற்காலியை நகர்த்த உன் பெரியம்மாவிடம் நீயே அனுமதி வாங்கிக்கொள்.

மதி: வாங்கிவிடுகிறேன். நாற்காலியை இப்போதே நகர்த்திவிடாதீர்கள். பழைய இடத்தில் ஒரு முறை அளந்தால்தான் ஒப்பிட முடியும். அளக்கும்போது மின்விசிறியும் ஏசியும் அணைந்திருக்க வேண்டும்.