சியாலோகிராமா, எம்ஆர்ஐயா, டெக்னீசியம் ஸ்கேனா? உமிழ்நீர்ச் சுரப்பி வீக்கத்துக்கு எதை எடுப்பது?

கேட்டவர்: தாடையடி

சாப்பிடத் தொடங்கியதும் தாடைக்குக் கீழே ஒரு பக்கம் கோலிக்குண்டு அளவுக்கு வீங்கி, ஒன்றிரண்டு மணி நேரத்தில் தானாக வடிந்துவிடுகிறது. காய்ச்சல் இல்லை. எக்ஸ்ரேயில் கல் இல்லை. அல்ட்ராசவுண்ட் அறிக்கையில் "குழாய் விரிந்துள்ளது, கல் தென்படவில்லை" என்று இருக்கிறது. அடுத்து சியாலோகிராம் (உமிழ்நீர்க் குழாய்க்குள் மருந்து ஏற்றி எடுக்கும் எக்ஸ்ரே) அல்லது எம்ஆர்ஐ எடுக்கச் சொல்கிறார்கள், இன்னொரு மருத்துவர் டெக்னீசியம் ஸ்கேன் என்கிறார். மூன்றும் ஒன்றையேதான் காட்டுமா? குழாய்க்குள் மருந்து ஏற்றுவது வலிக்குமா? வெறும் வயிற்றில் போக வேண்டுமா?

பதில்: ஊடுகதிர்

எக்ஸ்ரேயில் தெரியவில்லை என்பதால் கல்லே இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம். கீழ்த்தாடைச் சுரப்பியில் உண்டாகும் கற்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று சுண்ணாம்பு குறைவாக இருப்பதால் எக்ஸ்ரேயில் படாது. பக்கவாட்டில் எடுத்த படமாக இருந்தால் தாடை எலும்பே கல்லை மறைத்திருக்கலாம். பற்களுக்கு நடுவே ஃபிலிமைக் கடித்துக்கொண்டு, தாடைக்கு அடியிலிருந்து எடுக்கும் படத்தில்தான் வாயின் அடித்தளம் திறந்து தெரியும். எந்தக் கோணத்தில் எடுத்தது என்று கேட்டுப் பாருங்கள்.

அல்ட்ராசவுண்டில் 2 மி.மீ.க்குக் குறைந்த கல் எளிதில் தப்பிவிடும். நாக்குக்கு அடியில், குழாய் திறக்கும் இடத்தை ஒட்டி நிற்கும் கல்லும் அப்படித்தான். கையுறை போட்ட விரலால் வாயின் அடித்தளத்தை உள்ளிருந்து அழுத்திப் பிடித்து, வெளியே அல்ட்ராசவுண்ட் புரோபை (தோலில் வைத்து நகர்த்தும் கருவி) வைத்துப் பார்த்தால் அந்த இடமும் தெரியும். குழாய் விரிந்திருக்கிறது என்றால் அதற்கு முன்னால் எங்கோ தடை இருக்கிறது: கல்லாகவோ, சளிக்கட்டியாகவோ, குழாய்ச் சுருக்கமாகவோ இருக்கலாம். இதைப் பிரித்துக் காட்டத்தான் சியாலோகிராம்.

அதில் ஊசியால் குத்துவதில்லை. மருந்து ஏற்றுவதற்கு முன்பே ஒரு வெறும் படம் எடுக்க வேண்டும், ஏற்றிய பிறகு மருந்தின் வெண்மையே கல்லை மூடிவிடும். அடுத்து நாக்கின் அடிமடிப்புக்குப் பக்கத்திலுள்ள சிறு மொட்டில் துளையைத் தேடுவார்கள். அது கண்ணுக்கே சரியாகப் படாத அளவு சிறியது, அதனால் நாக்கில் எலுமிச்சைச் சாறு விட்டு உமிழ்நீர் எங்கே ஊறுகிறது என்று பார்ப்பார்கள். மழுங்கிய முனைக் கம்பிகளால் படிப்படியாக விரித்து, மெல்லிய குழலை நுழைப்பார்கள். பெரும்பாலும் நேரம் பிடிப்பதும் பொறுமை தேவைப்படுவதும் இந்தக் கட்டத்தில்தான்.

அயோடின் கலந்த மருந்து 0.5 முதல் 1.5 மி.லி. வரைதான் போகும். கூர்மையான வலி இருக்காது, சாப்பிடும்போது வருகிற அதே இறுக்கம் வரும். வாயில் குழல் இருக்கும்போது பேச முடியாது, ஆகவே "இறுக்கம் வந்தால் கையைத் தூக்குகிறேன்" என்று முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். இதை நான் மிகவும் வலியுறுத்துவேன். பொறுத்துக்கொண்டு சும்மா இருந்தால், அழுத்தம் மிஞ்சி மருந்து குழாய்க்கு வெளியே கசியும். படமும் கெடும், வீக்கமும் கூடும்.

குழலில் காற்று நின்றிருந்தால் குமிழி உள்ளே போய்க் கல் போலவே தெரியும். குமிழி உருண்டையாக, அடுத்தடுத்த படங்களில் இடம் மாறும். கல் பொதுவாக நின்ற இடத்தில் நிற்கும். கடைசியாக மறுபடி புளிப்பு கொடுத்துச் சில நிமிடங்கள் கழித்து ஒரு படம். அப்போதும் மருந்து உள்ளே தங்கியிருந்தால் வடிகால் சரியில்லை என்று பொருள்.

வெறும் வயிறு தேவையில்லை, பல் துலக்கி வாய் கொப்பளித்துவிட்டுப் போங்கள். ஓரிரு நாள் வீக்கமும் லேசான வலியும் இருக்கும். நிறையத் தண்ணீர் குடித்து, சுரப்பியைப் பின்னிருந்து முன்னோக்கித் தடவிவிடுங்கள். காய்ச்சலோ சீழோ வந்தால் உடனே காட்டுங்கள்.

சுரப்பி சிவந்து, தொட்டாலே வலித்து, சீழ் வடிகிற நேரத்தில் சியாலோகிராம் கூடாது. கிருமியை ஆழத்துக்குத் தள்ளிவிடும். அயோடின் மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

பதில்: நாவடி

எம்ஆர்ஐ சியாலோகிராமில் வெளியிலிருந்து மருந்தே ஏற்றுவதில்லை. குழாயில் நிற்கும் உமிழ்நீரே வெள்ளையாகத் தெரியும். கதிர்வீச்சும் இல்லை, சுரப்பியில் கிருமித்தொற்று இருக்கும்போதும் எடுக்கலாம். குறை என்னவென்றால், கல் கறுப்புப் புள்ளியாக மட்டுமே தெரிவதால் பொடிக்கல் தவறிப்போகலாம். படம் ஓடும்போது விழுங்கினால் மங்கிவிடும். பல்லில் கம்பி மாட்டியிருந்தால் அந்தப் பகுதியே சிதைந்து விழும். பேஸ்மேக்கர், காதுக்குள் வைத்த கருவி, உடலில் உலோகம் எதுவானாலும் முன்கூட்டியே தெரிவியுங்கள்.

கல் இருக்கிறதா என்பது மட்டுமே கேள்வி என்றால், மருந்து ஏற்றாத சிடி நன்றாகவே காட்டும். பல்லில் உலோக அடைப்பு இருந்தால் அதன் கோடுகள் படத்தில் குறுக்கே ஓடும், அதையும் சொல்லி வையுங்கள். படமெடுக்கும் கோணத்தைச் சாய்க்க முடிந்தால் அந்தக் கோடுகளைத் தவிர்க்கலாம்.

பதில்: அணுப்படம்

டெக்னீசியம் ஸ்கேன் சொல்வது வேறு கதை. வடிவத்தை அல்ல, சுரப்பி வேலை செய்கிறதா என்பதைத்தான் அது காட்டும். டெக்னீசியம் என்ற கதிரியக்க மருந்தைக் கை நரம்பில் சிறு ஊசியாகப் போட்டு அரை மணி முதல் முக்கால் மணி நேரம் தலையை அசைக்காமல் படுத்திருக்க வேண்டும். நான்கு பெரிய சுரப்பிகளும் மருந்தை இழுப்பது திரையில் ஏறும் கோடாக வரும். நடுவில் எலுமிச்சைச் சாறு கொடுத்ததும் ஆரோக்கியமான சுரப்பியில் கோடு சட்டென்று இறங்கும். அடைப்பு உள்ள பக்கம் ஏறிய கோடு இறங்காமல் நிற்கும். வறண்டுபோன சுரப்பியில் ஏறவே ஏறாது. அதனால் ஸ்கேனுக்கு முன்பே புளிப்பு எதையும் சுவைத்துவிடாதீர்கள். ஒவ்வாமை மாத்திரை, அமிட்ரிப்டிலின் போன்ற வாயை உலர்த்தும் மருந்து சாப்பிடுகிறவர்கள் அதைச் சொல்ல வேண்டும், நீங்களாக நிறுத்த வேண்டாம்.

இதில் அயோடின் இல்லை, அயோடின் ஒவ்வாமை தடையாகாது. டெக்னீசியத்தின் அரைவாழ்வு (கதிரியக்கம் பாதியாகக் குறையும் நேரம்) 6 மணி நேரம், ஒரு நாளில் பதினாறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். கர்ப்பமாக இருந்தால் ஊசிக்கு முன்பே சொல்லுங்கள். பாலூட்டுகிறவர்கள் எவ்வளவு நேரம் நிறுத்த வேண்டும் என்பதையும் அங்கேயே கேளுங்கள்.

உங்கள் கேள்வி "எங்கே அடைப்பு?" என்பது. அதற்கு இது முதல் தேர்வல்ல. சுரப்பியைக் காப்பாற்றலாமா, எடுத்துவிடலாமா என்று தீர்மானிக்கும் கட்டத்தில்தான் இது உதவும்.

தாடையடி:

மிக்க நன்றி. வீக்கம் வடியாமலேயே நின்றுவிட்டால் என்ன செய்வது?

ஊடுகதிர்:

அப்போது பாதையே மாறும். சாப்பாட்டோடு தொடர்பில்லாத, வடியாத, கெட்டியான கட்டிக்குச் சியாலோகிராம் பயன்படாது. அல்ட்ராசவுண்ட், அதன் துணையோடு ஊசியால் செல் எடுத்துச் சோதனை, ஆழம் பார்க்க எம்ஆர்ஐ. புற்றா இல்லையா என்பதைப் படம் மட்டும் உறுதிசெய்யாது, செல் சோதனைதான் தேவை. முகத்தின் ஒரு பக்கம் தளர்ந்தாலோ, கட்டி அசையாமல் ஒட்டிக்கொண்டாலோ நாள் கடத்தாதீர்கள். வாயடியில் வீக்கம் பரவி விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் வந்தால் ஸ்கேனுக்குக் காத்திருக்காமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.