வீட்டுக்குள் வளரும் மிளகாய்ச் செடியைக் கவாத்து செய்தவர்களின் (தண்டையும் கிளையையும் வெட்டிவிட்டவர்களின்) அனுபவங்கள்

கானாடுகாத்தான் ஆச்சி எழுதியது:

எங்கள் இரண்டாங்கட்டு முற்றத்தில் நின்ற சம்பா மிளகாய்ச் செடி, வெளிச்சத்தைத் தேடி ஒரு பக்கமாகச் சாய்ந்து, கணுவுக்குக் கணு நீண்டு, குச்சி கட்டினால்தான் நிற்கும் என்ற நிலைக்கு வந்திருந்தது. தை மாதத்தில் தென்னை மரம் ஏற வந்த பெரியவர் அதைப் பார்த்துவிட்டு அருகில் உட்கார்ந்து, கட்டைவிரல் நகத்தால் அடித்தண்டில் இலேசாகக் கீறினார். தோலுக்கு அடியில் ஈரப் பச்சை தெரிந்தது. "உயிர் கீழே இருக்குங்க ஆச்சி, மேலே இருக்கிறதை எடுத்துடலாம்" என்று சொல்லி, நான் வாய் திறப்பதற்குள், தண்டு இரண்டாகப் பிரியும் கவைக்கு மேலே இரண்டு கணுக்களை விட்டுவிட்டு, மிச்சத்தை மொட்டோடு சாய்வாக வெட்டிவிட்டார். அன்று இரவு எனக்குக் கோபம் அடங்கவில்லை. ஆனால் மாசி பிறந்ததும் விட்டுவைத்த கணுக்கள் ஒவ்வொன்றிலும் பச்சைப் புள்ளியாகத் துளிர் எழுந்தது. அந்த ஆண்டு அச்செடி காய்த்ததைப் போல அதற்கு முன் காய்த்ததில்லை.

நகம் பட்ட இடத்தில் பச்சைக்குப் பதிலாகப் பழுப்பு தெரிந்திருந்தால் அவர் என்ன செய்திருப்பார் என்று கேட்க எனக்கு வாய்க்கவில்லை, அவர் பிறகு இந்தப் பக்கம் வரவும் இல்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

காரைக்குடி மாடிவீட்டார் எழுதியது:

ஆச்சியின் செடிக்கு இருந்தது வெளிச்சக் குறை. அது வெட்டினால் தீரும். ஆனால் செடி கொஞ்சம் சுணங்கினாலே கத்தரியை எடுக்கும் பழக்கம் நம்மிடையே பரவி வருகிறது என்பதால், என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

ஒரு நாற்றுப்பண்ணையில் வாங்கி வந்து சன்னலோரம் வைத்த செடியின் கொழுந்துகள் சுருண்டன. அண்டை வீட்டார் நுனியைக் கிள்ளச் சொன்னார். கிள்ளிய இடத்தில் வந்த துளிரும் சுருண்டே வந்தது. வேளாண்மை படிக்கும் என் தம்பி மகள் விடுமுறைக்கு வந்தபோது, ஓர் இலையைத் திருப்பி உருப்பெருக்கியின் கீழ் வைத்து என்னைப் பார்க்கச் சொன்னாள். நரம்போரமாக, கண்ணாடித் துகள் போன்ற வெளிர்மஞ்சள் புள்ளிகள் நகர்ந்துகொண்டிருந்தன. வெறுங்கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத அந்த இலையை நான் எத்தனையோ முறை கையில் பிடித்துப் பார்த்திருக்கிறேன்.

இலை மேல்நோக்கிப் படகுபோல மடிந்தால் இலைப்பேன் என்ற சாறுறிஞ்சும் சிறு பூச்சி என்றும், கீழ்நோக்கிக் கவிழ்ந்து காம்பு மட்டும் நீண்டால் மஞ்சள் சிலந்தி என்ற நுண்ணிய உண்ணி என்றும் அவள் விளக்கினாள். இலைப்பேனுக்கு, ஒரு லிட்டர் நீரில் ஐந்து மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது காதி சோப்புக் கரைசலோடு கலந்து, மாலையில் இலையின் அடிப்புறம் நனையத் தெளிக்கலாம். சிலந்திக்கு நனையும் கந்தகம் (நீரில் கலந்து தெளிக்கும் கந்தகத் தூள்) நன்றாகக் கேட்கும். ஆனால் எண்ணெய் தெளித்த செடிக்கு இரண்டு வாரமாவது கழியாமல் கந்தகம் தெளிக்கக் கூடாது, கடும் வெயில் நாள்களிலும் கூடாது, இலை கருகிவிடும். மூன்றாவதாக, வெள்ளை ஈ கொண்டுவரும் இலைச்சுருட்டை நச்சுயிரி இருக்கிறது. அதற்கு மருந்தும் இல்லை, கவாத்தும் இல்லை. செடியை வேரோடு எடுத்து அப்புறப்படுத்துவதே மற்றச் செடிகளைக் காக்கும். ஆகவே முதலில் இலையைத் திருப்பிப் பாருங்கள். வெட்டுவது அதற்குப் பிறகு.

தேவகோட்டையிலிருந்து எழுதியது:

காரைக்குடிக்காரர் சொல்வதை ஏற்கிறேன், ஆனால் செடியைத் தொடும் கையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் ஐயா புகையிலை போடுவார். நடையிலிருந்து முற்றத்துக்கு வந்து அதே விரல்களால் மிளகாய்க் கொழுந்தைத் தடவிப் பார்ப்பது அவருடைய காலை வழக்கம். வரிசையில் அவர் கைபட்ட செடிகள் மட்டும் பச்சையும் மஞ்சளுமாகத் தேமல் பூத்து நின்ற காட்சியை இன்றும் மறக்க முடியவில்லை. புகையிலைத் தேமல் நச்சுயிரி உலர்ந்த புகையிலையிலும் உயிர்ப்போடு இருக்கும், கை வழியாகவும் கத்தி வழியாகவும் செடிக்குச் செடி தாவும் என்பதை ஐயாவிடம் சொல்ல எங்களில் யாருக்கும் துணிவு வரவில்லை.

ஆகவே செடியைத் தொடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். கத்தரியையும் ஒரு செடிக்கும் அடுத்த செடிக்கும் நடுவே சோப்பு நீரில் நன்றாகக் கழுவித் துடைக்க வேண்டும். இதைவிடப் பெரிய கேடு, வெட்டிய பிறகு பாசத்தோடு ஊற்றும் தண்ணீர். இலை இல்லாத செடி நீரை இழுக்காது. பழைய அளவிலேயே ஊற்றினால் தொட்டி மண் சேறாகி, துளிர் வருவதற்குள் வேர் அழுகிவிடும். மேல்மண்ணில் ஒரு விரற்கடை ஆழம் காய்ந்த பிறகே ஊற்றுங்கள். உரமும் துளிர் கண்ட பிறகுதான்: முதலில் ஒரு பிடி மண்புழு உரம், பிறகு லிட்டருக்கு முப்பது மில்லி பஞ்சகவ்யம் போதும். தழைச்சத்து மிகுந்தால் இலை செழிக்கும், பூ வராது. தொட்டிக்கு அடியில் தட்டு வைத்து, அதில் நிற்கும் நீரை அன்றன்றே கொட்டிவிடுங்கள். வேருக்கும் நல்லது, ஆத்தங்குடித் தரைக்கல்லிலும் கறை ஏறாது.

பள்ளத்தூர் மருமகள் எழுதியது:

எங்கள் வீட்டில் இருப்பது முண்டு மிளகாய், 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற அதே இராமநாதபுரத்து வகை. சமையற்கட்டில் இருந்த வற்றலை உடைத்து எடுத்த விதையில் முளைத்தது. பூ கொட்டியது, பூத்தது, மறுபடியும் கொட்டியது. அப்பத்தா ஒருநாள் காலையில் என்னை அழைத்து, சுண்டுவிரல் நகத்தால் ஒரு பூவின் காம்பைச் சுண்டிக் காட்டினார். சன்னல் வெயிலில் பூந்தூள் பொடிப்பொடியாக உதிர்ந்து இறங்கியதைக் கண்ணால் கண்டேன். வயலில் காற்றும் தேனீயும் செய்யும் வேலையை வீட்டுக்குள் நாம்தான் செய்ய வேண்டும் என்றார். மிளகாய்ப் பூவில் ஆணும் பெண்ணும் ஒன்றாகவே இருப்பதால் ஒரே செடி போதும்.

எல்லாரும் வெட்டுவதையே பேசுகிறீர்கள் என்பதால் இதை எழுதினேன். பூ கொட்டுவதற்குக் கவாத்து மருந்தாகாது. வெளிச்சம் போதாதபோதும், இரவிலும் வெக்கை தணியாத சித்திரை வைகாசியிலும் பூ தானே உதிரும். அப்போது செடியை விட்டுவிடுவதே நல்லது.

கோட்டையூரிலிருந்து எழுதியது:

பள்ளத்தூர்க்காரர் வெளிச்சத்தைத் தொட்டுவிட்டு நகர்ந்துவிட்டார். எனக்கு அதுதான் முதன்மை. நம் முற்றத்தில் தொட்டியை ஆண்டு முழுவதும் ஒரே தூணடியில் வைப்பதை நான் வீடு வீடாகப் பார்க்கிறேன். சித்திரை பிறந்த ஓரிரு நாளில் உச்சிச் சூரியன் நம் பகுதிக்கு நேர் தலைக்குமேல் வந்து வடக்கே நகர்கிறது, மறுபடி ஆவணி பத்தாம் தேதி வாக்கில் தலைக்குமேல் திரும்பித் தெற்கே போகிறது. மார்கழியில் தென்புறத் தாழ்வாரத்தின் நிழல் முற்றத்துக்குள் விழுவதால், வெயில் வடபுறத்தில்தான் கிடைக்கும். ஆறு மணி நேர நேர்வெயில் கேட்கும் செடியை அதற்கேற்ப இடம் மாற்ற வேண்டும். இல்லையென்றால் எத்தனை முறை வெட்டினாலும் அது மறுபடி நெடுநெடுவென்று நீளும். இதனால்தான் ஐப்பசி கார்த்திகை மூட்டத்தில் நான் கத்தரியைத் தொடுவதில்லை. அந்தப் பெரியவர் தையில் வெட்டியது மிகச் சரியான காலம்: மழை விட்டிருக்கும், வெயில் தெளிந்திருக்கும், கோடைக்கு முன் துளிர் முற்ற நாள் இருக்கும்.

ஆச்சி கேட்ட கேள்விக்கு என் வீட்டுக் குண்டு மிளகாய்ச் செடியை வைத்துப் பதில் சொல்கிறேன். நுனி இருக்கும்வரை அதில் சுரக்கும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஊக்கி கீழ்க்கணுக்களை உறங்க வைக்கிறது. நுனியை எடுத்ததும் அவை விழிக்கின்றன. ஆகவே உயிருள்ள கணு ஒன்று மிஞ்சினாலே போதும். மேலே பழுப்பு தெரிந்தால் ஒரு விரற்கடை கீழே கீற வேண்டும், அங்கும் பழுப்பானால் இன்னும் கீழே. என் செடியில் மண்ணுக்குச் சற்று மேலேதான் பச்சை தெரிந்தது, அந்த இடத்திலிருந்து ஒரே ஒரு கிளை வந்து இன்று காய்த்து நிற்கிறது. முளைவிட்டபோது விதையிலைகள் இருந்த கணுவுக்குக் கீழே மிளகாய் பொதுவாகத் துளிர்ப்பதில்லை. அதுவரைக்கும் பழுப்பே தெரிந்தால் தொட்டியை ஒழித்து, மண்ணை மாற்றிவிட்டுப் புதிய நாற்று வைக்கலாம்.