மின்தடை என்றால் கரண்ட் கட்டா? பத்தாம் வகுப்புக்கு ஒரு சொல் வேண்டும்

கொழிஞ்சாம்பாறை, ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டத்தில் தமிழ் வழியில் இயற்பியல் நடத்துகிறேன். திங்கட்கிழமை பயிற்சித்தாளை நகலெடுக்கக் கொடுக்க வேண்டும். ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

கணக்கு எளியதுதான். 230 வோல்ட்டில் ஓர் இஸ்திரிப் பெட்டி 5 ஆம்பியர் இழுக்கிறது. அதன் மின்தடை, அதாவது மின்னோட்டத்தை அது எதிர்க்கும் அளவு, என்ன, மின்திறன் என்ன? அழுத்தத்தை ஓட்டத்தால் வகுத்தால் 46 ஓம், இரண்டையும் பெருக்கினால் 1150 வாட். போன வாரம் இதைப் பலகையில் எழுதியதும் ஒரு பையன், "மின்தடை இருந்தா பெட்டி எப்படி டீச்சர் சூடாகும்?" என்று கேட்டான். அவன் வீட்டுக்குக் கோவைப் பதிப்புப் பத்திரிகை வருகிறது. அதில் "நாளை மின்தடை" என்றால் கரண்ட் இருக்காது. அவன் கேட்டதில் பிழையே இல்லை. இன்னும் சிலர் மலையாள வழியில் படிக்கும் கூட்டாளிகளிடம் கேட்டு, அதற்கு மலையாளத்தில் உள்ள "பிரதிரோதம்" என்ற சொல்லை எழுதிவிட்டார்கள். பிள்ளைகளுக்குக் குழப்பம் தராத சொல்லாக ஒன்று சொல்லுங்களேன்.

பொள்ளாச்சி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அம்மா, உங்கள் சொல் சரி. பத்திரிகைதான் தவறு. கரண்டை நிறுத்துவதற்கு மின்வெட்டு இருக்கிறது, மின்நிறுத்தம் இருக்கிறது. இயற்பியலுக்கு உரிய சொல்லை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள் என்பதற்காக நாம் ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்? கொடு கொடையானது போல, தொடு தொடையானது போல, தடு என்பது ஐ விகுதி பெற்றுத் தடை ஆனது. பிரதிரோதத்தை மட்டும் உள்ளே விடாதீர்கள்.

அப்புறம் இன்னொன்று. மின் என்ற சொல் புணர்ச்சியில் உகரம் பெறும். "மின்பின் பன்கன் தொழிற்பெயர் அனைய" என்பது நன்னூல்; மின் முதலான நான்கு சொற்களும் தொழிற்பெயர் போலவே உகரம் பெறும் என்று பொருள். தொல்காப்பியமும் அதையே சொல்கிறது. அந்த விதிப்படி மின்னுத்தடை என்று எழுத வேண்டும். அப்படி எழுதினால் பத்திரிகைக்காரர் சொல்லிலிருந்து அது தானே விலகிவிடும்.

சென்னை, மொழிபெயர்ப்பாளர்:

ஐயா, வணக்கம். அந்த விதியைப் பிடித்தால் மின்னுத்திறன், மின்னுக்கம்பி, மின்னுக்கட்டணம் என்று எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். டீச்சருக்கு இருப்பது மூன்று நாள்.

சித்தூர், மின்பொறியாளர்:

ஆந்திரச் சித்தூர் அல்ல, பாலக்காட்டுச் சித்தூர். எனக்கு ரொம்ப நாளாகவே ஒரு சொல் மனதில் இருக்கிறது. தொல்காப்பியத்தில், புறத்திணையியலில், "வருவிசைப் புனலைக் கற்சிறை போல ஒருவன் தாங்கிய பெருமை" என்று வருகிறது. பாய்ந்து வரும் வெள்ளத்தைக் கல்லணை தாங்குவது போல் பகைப்படையை ஒருவன் தனியாகத் தாங்கி நிற்கிறான். சிறை என்றால் அங்கே அணை. எங்கள் பக்கம் மலையாளத்தில் ஏரிக்கரையையும் குளத்தையும் இன்றும் சிற என்றுதான் சொல்கிறார்கள். தமிழில் நாம் மறந்துவிட்ட பொருள் எல்லைக்கு அந்தப் பக்கம் உயிரோடு இருக்கிறது. மின்சிறை என்று வைக்கலாம். பிரதிரோதம் வேண்டாம் என்பவர்களும் சிறையைத் தங்கள் சொல் இல்லை என்று சொல்ல முடியாது.

சென்னை, மொழிபெயர்ப்பாளர்:

அழகான சொல். ஆனால் பிள்ளைகள் காதில் ஜெயில் என்றுதான் விழும். பொருளும் பொருந்தவில்லை, சார். அணை தண்ணீரை நிறுத்திவிடும். இஸ்திரிப் பெட்டிக்குள் 5 ஆம்பியர் போனால் 5 ஆம்பியரும் திரும்பி வருகிறது. இறங்குவது அழுத்தம்தான். புல் மண்டிய வாய்க்கால் என்றால் ஒப்புக்கொள்வேன்.

யாழ்ப்பாணத்தில் படித்தவர், இப்போது கோவையில்:

நாங்கள் படித்தது வெறும் தடை. கருவிக்குத் தடையி. மின் என்ற முன்னொட்டை எடுத்துவிட்டால் சிக்கல் தீர்ந்தது, பத்திரிகையில் யாரும் "நாளை தடை" என்று போடுவதில்லை. கூடவே மின்திறனையும் பாருங்கள். எங்களுக்கு அது வலு. திறன் என்றதும் பிள்ளைக்குத் திறமைதானே நினைவுக்கு வரும்?

கொழிஞ்சாம்பாறை, ஆசிரியை:

அண்ணா, வலு எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் இந்தப் பிள்ளைகளில் பலர் மேல்படிப்புக்குப் பொள்ளாச்சிக்கும் கோவைக்கும் போவார்கள். அங்கே பாடநூலில் திறன், மின்தடை என்றுதான் இருக்கும். நான் ஒரு சொல்லையும் அங்குள்ள ஆசிரியர்கள் இன்னொரு சொல்லையும் சொன்னால் பிள்ளைதான் நடுவில் நிற்கும். வெறும் தடையும் எனக்குப் போதவில்லை. ஏனென்றால் என் இரண்டாவது கணக்கு இது: "மாலையில் கரண்ட் போய்த் திரும்பி வந்தபோது 180 வோல்ட்தான் இருந்தது. அதே பெட்டி இப்போது எவ்வளவு திறனில் இயங்கும்?" தென்னந்தோப்பு மோட்டார்கள் எல்லாம் ஓடும் நேரத்தில் எங்கள் வீடுகளில் நடப்பதுதான். 46 ஓம் மாறவில்லை என்று கொண்டால் ஓட்டம் 3.9 ஆம்பியர், திறன் சுமார் 704 வாட். 50 வோல்ட் இறங்கியதற்கு 446 வாட் போய்விட்டது. பிள்ளைகள் மனதில் பதிய வேண்டியது இதுதான், இந்தக் கணக்கிலேயே கரண்ட் போவதும் வருகிறது, ஓமும் வருகிறது.

சென்னை, மொழிபெயர்ப்பாளர்:

அப்படியானால் மின்தடையளவு என்று போடுங்கள். "மின்தடையளவு 46 ஓம்" என்று படித்தால் யாருக்கும் கரண்ட் கட் நினைவு வராது. ஓட்டத்தைத் தடுக்கும் கருவியைச் சொல்லத் தடையம், அதன் அளவைச் சொல்லத் தடையளவு. பழைய சொல்லும் உள்ளேயே இருக்கிறது.

சித்தூர், மின்பொறியாளர்:

சரி, திங்கட்கிழமைக்கு அதுவே இருக்கட்டும். சிறையை நான் இன்னும் விடவில்லை.

கொழிஞ்சாம்பாறை, ஆசிரியை:

நன்றி. முதல் வரியில் மட்டும் மின்தடையளவு என்று போட்டு, மற்ற இடங்களில் மின்தடை என்றே விடுகிறேன். கரண்ட் போவதை வகுப்பில் இனி மின்வெட்டு என்றுதான் சொல்வேன். தாள் நகலெடுக்கப் போய்விட்டது.

பொள்ளாச்சி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அளவு என்று ஏன் சேர்க்க வேண்டும் அம்மா? எடையளவு 5 கிலோ என்றா எழுதுகிறோம்? ஓட்டத்துக்கும் அழுத்தத்துக்கும் இல்லாத அளவு தடைக்கு மட்டும் எதற்கு? தாள் போய்விட்டதென்றால் போகட்டும், அடுத்த ஆண்டுத் தாளுக்காவது மின்னுத்தடையை எண்ணிப் பாருங்கள்.