ரீபில்டில் காலை வாரிய டிஸ்க்குகள்: பார்த்தவர்கள் எழுதுங்கள்

போடிமெட்டு:
போடி ஏலக்காய்க் கடை சர்வர். பல டிஸ்க்கை ஒரே பூலாகச் (சேமிப்பிடமாகச்) சேர்க்கும் இசட்எஃப்எஸ், 4 டெரா டிஸ்க் நாலு, ஒரு டிஸ்க் போனாலும் தாங்கும் ரெய்டு-இசட்1. ஒண்ணு செத்தது. தேனியில் கைக்குக் கிடைத்த 4 டெராவை மாட்டியாச்சு. செத்த டிஸ்க்கின் டேட்டாவைப் புதுசில் திரும்பக் கட்டும் ரீபில்டு தொடங்கியது. சாயங்காலம் அதன் நிலையைக் காட்டும் இசட்பூல் ஸ்டேட்டஸ் கமாண்டில் 8 மணி நேரம் பாக்கி. விடிஞ்சு பார்த்தால் 6 நாள் பாக்கி! அந்த எண் இன்னும் கண்ணுக்குள்ளேயே நிக்குது.

புது டிஸ்க் எஸ்எம்ஆர் வகை. டேட்டா எழுதும் தடங்களான டிராக்குகள் ஓடு வேய்ந்த மாதிரி ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும். நடுவில் கொஞ்சம் மாற்றினாலும் அந்தப் பட்டை முழுக்கத் திரும்ப எழுதணும். உள்ளே தற்காலிகமாக எழுதி வைக்கும் கேஷ் பகுதி நிரம்பும்வரை வேகம் காட்டும், அப்புறம் படுத்துக்கும். டேட்டாஷீட்டில் சிஎம்ஆர் (டிராக்குகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறாத வகை) என்று இல்லாவிட்டால் வாங்காதீங்க.

புளியரை:
போடி அண்ணாச்சி, எஸ்எம்ஆர் பாதிக் காரணம்தான். ஒரே ஒரு பாரிட்டியில் (போன டிஸ்க்கை மீட்க உதவும் கூடுதல் டேட்டா) விட்டதுதான் பெரிய தப்பு. அந்த 6 நாளில் இன்னொரு டிஸ்க் போயிருந்தால் கணக்கு மொத்தமும் போயிருக்கும். நாலு டிஸ்க்கில் ரெய்டு-இசட்2 (இரண்டு பாரிட்டி), ரெய்டு 10 (ஜோடி ஜோடியாக நகல்) இரண்டிலும் 8 டெராதான் மிஞ்சும். இசட்2 எந்த இரண்டு போனாலும் தாங்கும். ரெய்டு 10-ல் ஒரே ஜோடியில் இரண்டும் போனால் அவ்வளவுதான், ஆனால் டேட்டாபேஸுக்கு அதுதான் வேகம்.

செங்கோட்டை மரக்கடையில் நல்ல டிஸ்க்கையே லினக்ஸ் வெளியே தள்ளிச்சு. டெஸ்க்டாப் டிஸ்க் ஒரு கெட்ட செக்டாரை (டிஸ்க்கின் சின்னத் துண்டை) நிமிஷக்கணக்கில் படிச்சுப் பார்க்கும். லினக்ஸ் காத்திருப்பது 30 வினாடி, அதுக்குள் பதில் வராவிட்டால் டிஸ்க் கெட்டதுன்னு தள்ளிடும். ஸ்மார்ட்சிடிஎல் என்கிற டிஸ்க் கமாண்டில் எஸ்சிடிஇஆர்சி (கெட்ட செக்டாரோடு மல்லுக்கட்டும் நேர வரம்பு) 70,70 கொடுத்தால் 7 வினாடியில் கைவிடும். கரண்ட் போனால் பல டிஸ்க்கில் அது அழிஞ்சிடும், பூட் ஸ்கிரிப்டில் போடுங்க. டிஸ்க் ஏற்காவிட்டால் லினக்ஸ் டைம்அவுட்டை 180 வினாடி ஆக்குங்க.

களியக்காவிளை:
எஸ்எஸ்டி பக்கமும் சொல்லணும். மார்த்தாண்டம் ரப்பர் கடையில் வீட்டுக் கம்ப்யூட்டருக்கான என்விஎம்இ (வேகமான எஸ்எஸ்டி வகை). பெட்டியில் வினாடிக்கு 3,500 எம்பி வேகம், பில் போட்டால் ஒவ்வொரு தடவையும் திக்கி நிக்கும். காரணம், கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் தாங்கவைக்கும் கெப்பாசிட்டர் அதில் இல்லாததுதான். டேட்டாபேஸ் எஃப்சிங்க் (நிஜமாவே எழுதி முடிச்சாச்சு என்ற உறுதி) கேட்கும்போதெல்லாம் ஃபிளாஷில் எழுதி முடிச்சுத்தான் பதில் சொல்லும். பவர் லாஸ் புரொடெக்‌ஷன் (அந்தக் கெப்பாசிட்டர்) உள்ள சாட்டா எஸ்எஸ்டி, உச்சம் வினாடிக்கு 550 எம்பிதான், மாட்டினதும் திக்கல் நின்னது. ஐப்பசி இடிமழையில் கரண்ட் போனாலும் கேஷில் இருப்பதை எழுதி முடிக்க அந்தக் கெப்பாசிட்டர் போதும், அதனால் கேஷுக்கு வந்ததுமே பதில் சொல்லிடும்.

போடிமெட்டு:
புளியரை, 6 நாள் காத்திருக்கலை. முதலில் பேக்கப் எடுத்து, அந்த எஸ்எம்ஆர் டிஸ்க்கைக் கழற்றி சிஎம்ஆர் போட்டதும் 9 மணி நேரத்தில் முடிஞ்சது. இசட்2-க்கு அப்படியே மாற்ற முடியாது, பூலை அழிச்சுக் கட்டணும். ஏல சீசன் ஓயட்டும்.