பங்குக் கோயிலில் கல்யாணம்: உங்கள் மனசை விட்டுப் போகாத ஒரு விஷயம்

கடைக்குட்டி:

அக்கா கல்யாணம் நல்லபடியாக முடிந்துவிட்டது. ஆனாலும் அதற்கு முந்தைய ஒரு சாயங்காலம் மட்டும் என்னை விடமாட்டேன் என்கிறது.

கல்யாணத்துக்குக் கேட்கிற திருமுழுக்கு (ஞானஸ்நானம்) சான்றிதழ் கதை இங்கே எல்லோருக்கும் தெரியும். ஆறு மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும் என்பார்கள். மாப்பிள்ளை வீட்டில், உறுதிபூசுதலுக்கு வாங்கியதே பத்திரமாக இருக்கிறது, அதையே வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். எங்கள் பங்குக் கோயிலுக்குப் பொறுப்பான ஃபாதர், அதாவது பங்குத்தந்தை, ஒத்துக்கொள்ளவே இல்லை. சரி என்று, அவர் திருமுழுக்கு பெற்ற பங்குக்கு எழுதிப் புதிதாக வரவழைத்தோம்.

அலுவலகத்தில் இரண்டு வீட்டாரும் உட்கார்ந்திருக்கிறோம். ஃபாதர் உறையைப் பிரித்துப் படித்துக்கொண்டே வருகிறார். கீழே 'குறிப்புகள்' என்று ஒரு கட்டம் இருக்குமே, அங்கே வந்ததும் அவர் விரல் நின்றுவிட்டது. மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆனதாக, தேதியும் ஒரு பெண்ணின் பெயருமாக அதில் எழுதியிருந்தது.

யாருக்கும் பேச்சு வரவில்லை. அக்கா அந்தத் தாளை வாங்கினாள். படித்தாள். அவர் பக்கமாகத் திருப்பி மேசையில் வைத்து, "இது யாரு?" என்று மட்டும் கேட்டாள். குரலை உயர்த்தவே இல்லை. "சத்தியமா எனக்குத் தெரியலை" என்றார் அவர். அவ்வளவுதான் அவரால் சொல்ல முடிந்தது.

பிறகு விஷயம் வெளியே வந்தது. தாத்தா பெயரையே பேரன்கள் இரண்டு பேருக்கும் வைத்திருக்கிறார்கள். பெரியப்பா மகனுக்கும் அதே கோயிலில்தான் திருமுழுக்கு. அவர் கல்யாணம் வேறு பங்கில் நடந்து, அங்கிருந்து வழக்கம்போலத் தகவல் வந்திருக்கிறது. அதைத் திருமுழுக்குப் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே எழுதாமல் எங்கள் மாப்பிள்ளை பெயருக்கு நேரே எழுதிவிட்டார்கள். அந்தக் கல்யாணம் நடந்த பங்கிலிருந்து திருமணப் பதிவேட்டின் நகலை வாங்கி, அப்பா பெயர், பிறந்த தேதி எல்லாம் ஒப்பிட்டு, ஆயர் (பிஷப்) இல்லம் வரை போய்த் திருத்திக்கொண்டு வந்தார்கள். குறித்த நாளிலேயே கல்யாணமும் நடந்தது.

மற்றவர்கள் இதை மறந்துவிட்டார்கள். அக்கா அவரை எப்போது நம்பினாள், அந்தத் தாள் திருந்தி வந்த பிறகா, அவர் தெரியலை என்று சொன்ன அந்த நொடியிலேயா என்பதுதான் எனக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. கேட்க வாய் வரவில்லை.

வெண்மேகம்:

கடைக்குட்டி, படிக்கும்போதே நெஞ்சு படபடத்தது. ஆனால் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். ஃபாதர் அதை எல்லோர் முன்னாலும் பிரித்திருக்கக் கூடாது. பெண்ணையும் மாப்பிள்ளையையும் தனித்தனியாகக் கூப்பிட்டு விசாரிக்கிற முறை பிறகு எதற்கு இருக்கிறது? முதலில் அவரைத் தனியாகக் கேட்டிருந்தால் உங்கள் அக்கா அப்படி ஒரு நிமிஷத்தைக் கடந்து வந்திருக்க வேண்டியதில்லை. நல்ல வேளையாக முடிந்தது. முடியாமல் போயிருந்தால்?

எங்களுடையது வேறு விதம். என் கணவர் கிறிஸ்தவர் இல்லை, மதம் மாறவும் இல்லை. திருமுழுக்கு பெறாதவரைக் கோயிலில் கட்டிக்கொள்ள ஆயரிடம் விதிவிலக்கு வாங்க வேண்டும். அது கையில் இல்லாமல் நடந்தால் திருமணம் செல்லாது. அதற்காக நான் எழுதிக்கொடுத்த உறுதிமொழியில் இரண்டு விஷயம் இருந்தது: என் விசுவாசத்தை விடமாட்டேன், பிள்ளைகளுக்கெல்லாம் திருமுழுக்கு கொடுத்துக் கத்தோலிக்கராக வளர்க்க என்னால் ஆனதைச் செய்வேன். முன்பெல்லாம் இரண்டு பேருமே உறுதி கொடுக்க வேண்டும். 1970-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் கொண்டுவந்த மாற்றத்துக்குப் பிறகு கத்தோலிக்கர் மட்டும் கொடுத்தால் போதும், மற்றவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

நான் கையெழுத்து போட்டதும் அவர் பேனாவுக்குக் கையை நீட்டினார். "உங்களுக்குக் கையெழுத்து வேண்டாம் தம்பி, தெரிஞ்சிருந்தாப் போதும்" என்று ஃபாதர் அன்பாகத்தான் சொன்னார். நீட்டிய கையை இவர் மெதுவாக இழுத்துக்கொண்டார். வெளியே வந்ததும், "அப்போ என் பிள்ளைங்களைப் பத்தி நான் சொல்ல ஒண்ணுமே இல்லையா?" என்றார். சட்டம் அவரை எதிலும் கட்டிப்போடக் கூடாது என்றுதான் அப்படி வைத்திருக்கிறது என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். அவருக்கும் சொன்னேன். ஆனால் அந்தக் கை பின்னால் போனது எனக்கு இன்னும் வலிக்கிறது.

பழைய உபதேசியார்:

இரண்டு பேர் எழுதியதையும் படித்தேன். வெண்மேகம் அம்மா, அந்த ஃபாதர் மேல் குறை சொல்லாதீர்கள். உறை பிரிக்கும்வரை அவருக்கு மட்டும் எப்படித் தெரியும்? அவர் புதுச் சான்றிதழ் கேட்டதுதான் இதில் பெரிய காரியம். பழைய தாளில் பழைய நிலைதான் இருக்கும். எங்கே கல்யாணம் நடந்தாலும் அந்தத் தகவல் திருமுழுக்கு பெற்ற பங்குக்குப் போய்ப் பதிவாக வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். ஒருவர் யாரையாவது கட்டியிருக்கிறாரா என்று பார்க்க நம்மிடம் இருக்கிற ஒரே கண்ணாடி அந்தப் பதிவேடுதான்.

என் அனுபவம் சின்னது. பெண்ணின் சித்தப்பா குருவானவர், வேறு மறைமாவட்டம். அவர்தான் திருமணத்தை மந்திரித்து நடத்திவைப்பார் என்று பத்திரிகையே அடித்துவிட்டார்கள். மணி அடித்தாகிவிட்டது. எங்கள் பங்குத்தந்தை நோயாளி ஒருவருக்கு அவஸ்தை (நோயில்பூசுதல்) கொடுக்க அவசரமாகக் கிளம்பிப் போயிருந்தார். சித்தப்பா சாமிக்கு இந்தத் திருமணத்தை நடத்திவைக்க அதிகாரம் கொடுத்தாயிற்றா என்று பார்த்தால், யாரும் கொடுக்கவில்லை. பூசை உடுப்போடு அவர் சக்கிறிஸ்தில், அதாவது உடுப்பு மாற்றும் அறையில், நிற்க, நான் போனைப் போட்டு அவர் காதில் வைத்தேன். அந்தப் பக்கத்திலிருந்து பங்குத்தந்தை மணமக்கள் பெயரைச் சொல்லி, "இந்தத் திருமணத்துக்கு உங்களுக்கு அதிகாரம் தருகிறேன்" என்றார். அவர் தலையாட்டினாரே, அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

ஏற்பாட்டில் இறங்குகிறவர்களுக்குச் சில சொல்லிவிடுகிறேன்.

வெளியிலிருந்து எந்தக் குருவானவர் வந்தாலும், அவர் உங்கள் சொந்த அண்ணனே ஆனாலும், அந்தப் பங்கின் தந்தையோ ஆயரோ அதிகாரம் கொடுக்காமல் நடத்திவைத்தால் திருமணமே கேள்விக்குரியதாகிவிடும். ஒரு குறிப்பிட்ட கல்யாணத்துக்கு வாயால் சொன்னாலும் செல்லும். ஆனால் எழுதி வாங்கி வைத்துவிடுங்கள்.

பெண்ணோ மாப்பிள்ளையோ குடியிருக்கும் பங்கில்தான் திருமணம். ஒரு மாதம் தங்கியிருந்தாலும் போதும். பிடித்த கோயில் என்று வேறு எங்காவது வைக்க ஆசைப்பட்டால் உங்கள் பங்குத்தந்தையின் அனுமதிக் கடிதம் வேண்டும். அந்தக் கடிதம் வரும்வரை மண்டபத்துக்கு முன்பணம் கட்டாதீர்கள்.

பெரிய வெள்ளியும் பெரிய சனியும் திருமணத்துக்கு ஆகாத நாட்கள். தவக்காலத்தில் வைக்கவே கூடாது என்று பலர் நினைக்கிறார்கள். முழுத் தடை இல்லை, ஆனால் அந்தக் காலத்துக்குரிய அடக்கத்தோடு நடத்தச் சொல்வார்கள். பல பங்குகளில் தள்ளி வைக்கவே சொல்வார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை பங்குத் திருப்பலியில் வைத்தால் அன்றைய ஞாயிறு திருப்பலிதான் ஓடும் என்பதும் நினைவிருக்கட்டும்.

அத்தை மகன், மாமன் மகள் என்றால் முதல் சந்திப்பிலேயே வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். சட்டப்படி அது நான்காம் படி இரத்த உறவு, தடை. ஆயரால் விலக்கு தர முடியும், ஆனால் கேட்க வேண்டும், காத்திருக்க வேண்டும். எல்லாம் முடிந்து கடைசி வாரத்தில் "ஃபாதர், இவ எனக்கு அத்தை மக" என்று வந்து நிற்பவர்களை எத்தனையோ பார்த்திருக்கிறேன்.

இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை தெரிந்தால் சொல்லுங்கள் என்று கோயிலில் அறிவிக்கிற ஓலையை மூன்று ஞாயிறு வாசித்தே தீர வேண்டும். அதைச் சுருக்கச் சொல்லிக் கேட்காதீர்கள்.

தென்றல்:

ஐயா, மற்றதெல்லாம் சரி. ஓலை விஷயத்தில் மட்டும் நான் மறுக்கிறேன். 1215-இல் ஆயர்கள் கூடிய லாத்தரன் பொதுச்சங்கம் திருச்சபை முழுவதற்கும் அதைக் கட்டாயமாக்கியது, 1563-இல் திரெந்து பொதுச்சங்கம் அடுத்தடுத்து மூன்று திருநாள் வாசிக்கச் சொன்னது. ஆனால் இப்போதிருக்கிற 1983-ஆம் ஆண்டுச் சட்டம், எப்படி அறிவிப்பது என்பதை அந்தந்த நாட்டு ஆயர் பேரவையிடம் விட்டுவிட்டது. சில இடத்தில் பலகையில் ஒட்டுவதோடு சரி. காரணம் இருந்தால் விலக்கும் கொடுக்கிறார்கள். கேட்காதீர்கள் என்று நீங்கள் சொல்வது நியாயமில்லை.

நான் இவ்வளவு வேகமாகப் பேசக் காரணம் இருக்கிறது. என் பெயரை இரண்டாம் முறை வாசித்த மறுநாள், படிவம் கொடுக்கப் போயிருந்தேன். நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. அந்தப் பக்கம் ஒருவர் ஃபாதரிடம், "அந்தப் பொண்ணு ஏற்கெனவே ஒருத்தனோட சுத்தினவ, உங்ககிட்ட சொல்ல வேண்டியது என் கடமை" என்கிறார். என் கையில் இருந்த தாள் நனைந்துவிட்டது. ஃபாதர் நிதானமாகச் சொன்னார்: "கல்யாணம் ஆகியிருந்தா சொல்லுங்க, விசாரிக்கிறேன். மத்தது எனக்குத் தேவையில்லை." தடை தெரிந்தவர் சொல்ல வேண்டும் என்று சட்டம் இருக்கிறதுதான். அவர் கொண்டுவந்தது தடை இல்லை, வம்பு.

குரலை வைத்து ஆளைத் தெரிந்துகொண்டேன். நெருங்கிய சொந்தம். கல்யாணத்துக்கு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார், பரிசும் கொடுத்தார். நானும் சிரித்து வாங்கிக்கொண்டேன். என் கணவருக்கு இன்றுவரை தெரியாது.

கடைக்குட்டி:

தென்றல் அக்கா, கணவரிடம் சொல்லிவிடுங்கள் என்று எழுத வந்தேன், அப்புறம் அழித்துவிட்டேன். அது உங்கள் விருப்பம்.

வெண்மேகம் அக்கா சொன்னதை இரவெல்லாம் யோசித்தேன். தனியாகக் கேட்டிருக்கலாம், உண்மைதான். ஆனால் அக்கா பிறகு ஒருமுறை, நான் அங்கே இருந்ததுதான் நல்லது, எனக்குத் தெரியாமல் ஓடி ஓடித் திருத்தியிருந்தால்தான் சந்தேகப்பட்டிருப்பேன் என்று சொன்னாள். அதனால் நான் ஃபாதர் பக்கம்தான்.

புதுவரவு:

எல்லாம் படித்துக் கொஞ்சம் பயமாகவே இருக்கிறது. எங்களுக்குச் சீக்கிரம் கல்யாணம். சாட்சிக்கு என் நண்பனைச் சொல்லியிருக்கிறேன், அவன் முஸ்லிம். பெண் வீட்டில் கத்தோலிக்கர்தான் நிற்க வேண்டும் என்கிறார்கள். யாராவது சொல்லுங்கள்.

வெண்மேகம்:

தம்பி, தாராளமாக நிறுத்தலாம். எங்களுக்கு ஒரு சாட்சி என் நாத்தனார். குருவானவரோடு சாட்சிகள் இரண்டு பேர் வேண்டும் என்றுதான் சட்டம் சொல்கிறது, என்ன மதம் என்று கேட்கவில்லை. நீங்கள் இரண்டு பேரும் சம்மதம் சொல்லும்போது அவர் அங்கே இருந்து, என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்ள வேண்டும். அதனால் படம் எடுப்பவர்களுக்குப் பின்னால் சிக்கிக்கொள்ளாமல் பீடத்துக்குப் பக்கத்திலேயே நிறுத்துங்கள். பதிவேட்டில் கையெழுத்து போடும்போது அடையாள அட்டையில் இருக்கிற பெயரையே முழுசாக எழுதச் சொல்லுங்கள், எங்கள் ஃபாதர் அதில் கறாராக இருந்தார். பெண் வீட்டாரிடம் நீங்கள் வாதாட வேண்டாம். பங்குத்தந்தையிடம் அவர்களையே கேட்கச் சொல்லிவிடுங்கள்.